அமெரிக்கன் சில்வர் ஈகிள் புரூஃப்: வெண்மை கூடிப்போன நாணயமா?

அமெரிக்க நாணயச்சாலையின் வெள்ளி நாணயமான அமெரிக்கன் சில்வர் ஈகிளின் புரூஃபைப் பற்றி, அதாவது சேகரிப்பாளர்களுக்கென்றே தனிக் கவனத்தோடு அடிக்கும் பதிப்பைப் பற்றிச் சேகரிப்பாளர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு கட்சி உடனே உருவாகிவிடும். கறுத்த கண்ணாடிப் பரப்பின் மேல் வெள்ளை வெளேரென்று நிற்கும் உருவம்தான் புரூஃபின் அழகே என்பது ஒரு கட்சி. அச்சைத் தயாரிக்க லேசர் வந்த பிறகு வெண்மை அளவுக்கு மீறிப்போய், சுதந்திர தேவியின் உடை மடிப்புகளெல்லாம் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் தட்டையாகிவிட்டன என்பது மறு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பணம் கொடுத்து வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது, எந்த ஆண்டு நாணயத்தில் எந்த வகை ஃப்ராஸ்ட், அதாவது உருவத்தின் மங்கல் வெண்மை, வருகிறது, அதில் எதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பதுதான்.

ஃப்ராஸ்ட் என்பது பூச்சு அல்ல. நாணயத்தின் மேல் எதையும் தடவுவதில்லை. அச்சில் உருவம் குழிந்திருக்கும் இடங்களை மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சொரசொரப்பாக்குவார்கள். சமதளப் பகுதியைக் கண்ணாடிபோல் மெருகேற்றுவார்கள். மெருகேற்றிய வெள்ளி வில்லையை இந்த அச்சுக்கு நடுவில் வைத்து, சாதாரண நாணயத்தைவிட மெதுவாகவும் அதிக அழுத்தத்திலும், குறைந்தது இரண்டு முறை அடிப்பார்கள். அச்சின் சொரசொரப்பு அப்படியே வெள்ளியில் பதியும். மெருகேறிய தளம் ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்புகிறது. சொரசொரத்த உருவம் எல்லாத் திசையிலும் சிதறடிக்கிறது. கறுப்பு வெள்ளை வேறுபாடு வருவது இதனால்தான். சேகரிப்பாளர்கள் இதைக் கேமியோ என்பார்கள்.

இந்தச் சண்டை புதிதல்ல. 1908-ஐ ஒட்டி பிலடெல்பியா நாணயச்சாலை தங்கப் புரூஃப் நாணயங்களை அடித்து முடித்த பிறகு, நாணயத்தின் மேலேயே மணலைப் பீய்ச்சி மங்கலாக்கியது. அன்றைய சேகரிப்பாளர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. 1936-ல் புரூஃப் மீண்டும் வந்தபோது நிலைமை தலைகீழானது: 1936 முதல் 1942 வரையான வாக்கிங் லிபர்ட்டி அரை டாலர் புரூஃபில் தளம், உருவம் இரண்டையுமே மெருகேற்றினார்கள். அதில் கேமியோ கிடைப்பது அபூர்வம். ஈகிள் நாணயத்தின் முன்பக்கம் அடால்ஃப் வைன்மன் 1916-ல் இதே அரை டாலருக்கு வரைந்த வடிவம்தான். ஆக, ஒரே உருவத்தை முழுப் பளபளப்பிலும் முழு வெண்மையிலும் பார்க்கும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. முடிந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பளபளப்பு நாணயத்தில் உடை மடிப்புகள் ஓடும் விதம் ஈகிளில் இல்லை என்பது விளங்கும்.

1950 முதல் 1970 வரையான புரூஃப்களுக்கு அச்சை நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த கரைசலில் தோய்த்துச் சொரசொரப்பாக்கி, பிறகு தளத்தை மெருகேற்றினார்கள். அந்தச் சொரசொரப்பு சில பத்து அடிகளிலேயே தேயத் தொடங்கிவிடும். அதனால் புது அச்சின் முதல் சில நாணயங்களில்தான் ஆழ்ந்த கேமியோ. பிறகு வந்தவை வெறும் பளபளப்பு. 1950-களின் பிராங்க்ளின் அரை டாலரில் ஆழ்ந்த கேமியோ முத்திரைக்குப் பல மடங்கு விலை போவது இதனால்தான், அது நியாயமான விலையும்கூட. 1970-களில் அச்சுக்குக் குரோம் முலாம் பூசத் தொடங்கியதும் சொரசொரப்பின் ஆயுள் கூடியது. அச்சின் மேல் நுண்ணிய மணிகளைப் பீய்ச்சிச் சொரசொரப்பாக்குவது அமிலத்தின் இடத்தைப் பிடித்தது. 1986-ல் ஈகிள் வந்தபோது ஏறக்குறைய எல்லாப் புரூஃபுமே ஆழ்ந்த கேமியோவாக வெளிவந்தன.

இங்கே ஒரு கறாரான கருத்து. நாணயத்தைத் தரம் பார்த்து உறையிட்டுத் தரும் நிறுவனங்களான பி.சி.ஜி.எஸ்-ன் உறையில் 'டீப் கேமியோ' என்றோ என்.ஜி.சி-யின் உறையில் 'அல்ட்ரா கேமியோ' என்றோ (இரண்டும் ஆழ்ந்த கேமியோதான்) எழுதியிருப்பதற்காக ஈகிள் புரூஃபுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். அந்தத் தொடரில் அது எல்லா நாணயத்துக்கும் உள்ள பிறவிக் குணம். அந்த நிறுவனங்கள் 70-க்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் 69-க்கும் 70-க்கும் இடையே விலை வேறுபாடு இருக்கலாம். அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பது வேறு கணக்கு.

கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் லேசர் வந்தது. கணினியில் உருவத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்த இடத்தில் எவ்வளவு அடர்த்தியாகச் சுட வேண்டும் என்று சொல்லிவிட்டால், லேசர் அச்சில் நுண்குழிகளை வரிசையாக இடும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் வேறுபாடு பிடிபடும். மணி பீய்ச்சிய ஃப்ராஸ்ட் ஒழுங்கில்லாத பொடிமணல்போல் இருக்கும். லேசர் ஃப்ராஸ்டில் புள்ளிகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருக்கும். சில நாணயங்களில் உருவத்தின் விளிம்பில் அந்தப் புள்ளி வரிசை சட்டென்று நிற்பதும் தெரியும்.

தட்டையாகத் தெரிவதற்குக் காரணம் இந்த ஒழுங்குதான். ஈகிள் 40.6 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. அந்த அகலத்துக்கு அதன் புடைப்பு ஆழமில்லாதது. இப்படிப்பட்ட புடைப்பில் தொடை எங்கே வளைகிறது, துணி எங்கே மடிகிறது என்பதை நம் கண் சொல்வது மேட்டில் விழும் மினுக்கையும் பள்ளத்தில் விழும் நிழலையும் வைத்துத்தான். முழு உருவமும் ஒரே அடர்த்தியில் ஒளியைச் சிதறடித்தால் அந்த மினுக்கு எல்லா இடத்திலும் சமமாகிவிடுகிறது. தேவியின் கால் பகுதியும் பின்பக்கக் கழுகின் மார்பும்தான் அதிகம் அடிவாங்குகின்றன. கொடியும் சூரியக் கதிரும் தப்பித்துக்கொள்கின்றன, அவற்றில் கோடுகள் இருப்பதால்.

லேசருக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. முதல் நாணயத்துக்கும் கடைசி நாணயத்துக்கும் வேறுபாடு மிகக் குறைவு. எழுத்தின் ஓரம்கூடக் கூர்மையாக நிற்கும். அதைவிட முக்கியம், ஒரே அச்சில் இரண்டு மூன்று அடர்த்திகளில் ஃப்ராஸ்ட் போட முடிகிறது. 2013-ல் வெஸ்ட் பாயின்ட் நாணயச்சாலையின் தொகுப்பில் வந்த 'என்ஹான்ஸ்டு அன்சர்குலேட்டட்' ஈகிளைப் பாருங்கள். மலையும் கொடியின் சில பட்டைகளும் கண்ணாடி. தளம் மென் ஃப்ராஸ்ட். மற்றவை அடர் ஃப்ராஸ்ட். பெயரில் புரூஃப் இல்லையென்றாலும், லேசரை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்று இந்தத் தொடர் காட்டிய நல்ல விடை அதுதான். எண்ணிக்கை வரம்பு வைக்காமல், குறித்த காலத்துக்குள் ஆர்டர் செய்த எல்லோருக்கும் கொடுத்ததால் இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. 2019-ன் 'எஸ்' முத்திரை (சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் குறி) என்ஹான்ஸ்டு ரிவர்ஸ் புரூஃபும் இதே வழிதான். ஆனால் அதற்கு வரம்பு 30,000. இப்போது கேட்கும் விலை அந்த எண்ணிக்கைக்குத்தானே தவிர ஃப்ராஸ்டின் அழகுக்கு அல்ல.

சாதாரண ரிவர்ஸ் புரூஃபில், 2006-ல் 'பி' (பிலடெல்பியா) முத்திரையோடு முதலில் வந்ததைப்போல, தளம் வெண்மையாகவும் உருவம் கண்ணாடியாகவும் இருக்கும். புகைப்படத்தில் இது ஏமாற்றும். கையில் எடுத்துச் சாய்த்தால்தான் உயிர் வரும். தளத்தில் விழும் மெல்லிய கீறலை இது மறைத்துவிடும். ஆனால் விரல் தடம் விழுந்தால் மறைக்க வழியே இல்லை.

நாணயத்தைச் சோதிக்க ஒரே ஒரு பல்பு போதும். குழல் விளக்குக்கு அடியில் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும், அதனால் அது உதவாது. மேசைக்கு மேல் ஒரு பல்பை வைத்து, கண்ணாடித் தளத்தில் கறுப்புத் துணியோ இருண்ட சுவரோ பிரதிபலிக்கும்படி நாணயத்தைப் பிடியுங்கள். தளம் கறுத்து, உருவம் வெளுக்கும். பிறகு மெல்லச் சுழற்றிச் சாய்த்துப் பாருங்கள். தளத்தில் ஒரு கணம் மின்னி மறையும் மெல்லிய கோடுகள் துடைத்ததால் வந்த கீறல்கள். எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே திசையில் நிற்கும், மேடாகத் தெரியும் கோடுகள் அச்சை மெருகேற்றியபோது விழுந்தவை. அவற்றை யாரும் குறையாக எண்ண வேண்டாம். விற்பவர் அனுப்பும் படத்தில் தளம் முழு வெள்ளையாக இருந்தால் கறுப்புத் தளம் தெரியும் இன்னொரு படம் கேளுங்கள். வெளுத்த படத்தில் கீறல் தெரியாது.

உருவத்தின் உச்சியில் ஒரு பளபளத்த புள்ளி தெரிந்தால் மூன்று காரணம் இருக்கலாம். அச்சின் ஃப்ராஸ்ட் அந்த இடத்தில் தேய்ந்திருக்கலாம். அடி முழுமையாக விழாமல், அச்சின் ஆழத்துக்கு வெள்ளி போய்ச் சேராததால் வில்லையின் பழைய மெருகு அப்படியே மிஞ்சியிருக்கலாம். அல்லது பிறகு எதன் மேலாவது உரசியிருக்கலாம். லென்ஸில் அந்தப் புள்ளியின் ஓரம் படிப்படியாக மங்கினால் முதல் இரண்டில் ஒன்று. உள்ளே ஒரே திசையில் கீறல்கள் ஓடினால் உரசல். உரசல் என்றால் பேரம் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

வெள்ளியின் மேல் பால் தெளித்ததுபோல் வரும் வெண்புள்ளி வேறு தொல்லை. வில்லையைக் கழுவிய பொருள் சரியாகப் போகாமல் சூட்டில் ஒட்டிக்கொள்வதே காரணம் என்பது பரவலான விளக்கம். வாங்கும்போது இல்லாமல் பிறகும் வரும். வெள்ளியைச் சுத்தம் செய்யும் கரைசலில் தோய்த்தாலும் போகாது. கண்ணாடித் தளம் மங்குவதுதான் மிச்சம்.

நம் வீடுகளில் வெள்ளி விளக்கை விபூதி போட்டோ புளி போட்டோ தேய்க்கும் பழக்கம் இருக்கிறது. புரூஃப் நாணயத்துக்கு அது மரண தண்டனை. ஃப்ராஸ்ட் என்பது நுண்ணிய மேடுகளின் கூட்டம். ஒருமுறை தேய்த்தால் மேடுகள் மழுங்கி, அந்த இடம் எண்ணெய் பட்டதுபோல் சாம்பல் மினுக்காகிவிடும். மீட்க முடியாது. மென்மையான பருத்தித் துணிகூட வேண்டாம். பி.வி.சி உறையால் பச்சைப் பிசின் ஒட்டியிருந்தால் மட்டும், தூய அசிட்டோனை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல், நாணயத்தைச் சில நிமிடம் ஊறவிட்டு, புது அசிட்டோனில் இன்னொரு முறை அலசி, விளிம்பைப் பிடித்துத் தானாகக் காயவிடலாம். நகப்பூச்சு நீக்கி வேண்டாம்; அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் நாணயத்தை அதன் பிளாஸ்டிக் கேப்ஸ்யூலோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்க வேண்டும். ரப்பர் பேண்டையும் செய்தித்தாளையும் பக்கத்தில் விடாதீர்கள். அவற்றிலிருந்து வரும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்.

உறையில்லாமல் விற்கும் ஈகிளில் போலி நிறைய. அசல் எடை 31.103 கிராம், காந்தம் ஒட்டாது. அளவு சரியாக இருந்து எடை குறைந்தால் உள்ளே வேறு உலோகம். 2021-ல் பின்பக்கம் எமிலி டாம்ஸ்ட்ராவின் வடிவத்துக்கு மாறியபோது விளிம்பின் வரிக்கோடுகளில் ஓரிடத்தில் வேண்டுமென்றே இடைவெளி விட்டிருக்கிறார்கள், அதையும் பாருங்கள். போலியின் ஃப்ராஸ்ட் பெரும்பாலும் சோப்புத் தேய்த்ததுபோல் வழவழப்பாக, எழுத்தின் ஓரத்தில் கசிந்து நிற்கும்.

இந்த வெண்மைக்குப் பழகிய கண்ணோடு நம் நாட்டு நினைவு நாணயப் புரூஃபைப் பார்த்து ஏமாந்துபோகிறவர்கள் உண்டு. 44 மில்லிமீட்டர், 35 கிராம் அளவில் வந்த பலவற்றில் வெள்ளி பாதிதான்; 40 சதவீதம் செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். அந்தக் கலவையில் ஃப்ராஸ்ட் சற்றுச் சாம்பலாகத்தான் தெரியும், செம்பால் நிறமும் சீக்கிரம் மாறும். அதை அச்சின் குறையாக எண்ணித் திருப்பி அனுப்ப வேண்டாம், 99.9 சதவீத வெள்ளியின் வெண்மையை அதில் எதிர்பார்க்க முடியாது.

முதல் ஈகிள் வாங்குகிறவருக்கு 1986-ன் 'எஸ்' முத்திரைப் புரூஃப் போதும். 14 லட்சத்துக்கும் மேல் அடித்ததால் விலை வெள்ளியை ஒட்டியே நகர்கிறது, ஃப்ராஸ்டும் லேசருக்கு முந்தைய மென்மையோடு இருக்கும். அதோடு ஒரு 2013 என்ஹான்ஸ்டு. 1995-ன் 'டபிள்யூ' (வெஸ்ட் பாயின்ட்) முத்திரையை 30,125 மட்டுமே அடித்தார்கள் என்ற எண்ணுக்காகத் துரத்துகிறவர்கள் துரத்தட்டும். லென்ஸில் அதன் ஃப்ராஸ்டுக்கும் பக்கத்து ஆண்டுகளின் ஃப்ராஸ்டுக்கும் எந்த வேறுபாடும் தெரியாது.