ரோய்பொஸ்: சுவையில் நிறைவு, பெயரில் பிழை

சென்ற மாதம் தேநீர் போலக் கொதிநீரில் ஊறவைத்துக் குடிக்கும் ரோய்பொஸ் என்னும் இலையின் 40 பைகள் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கி, மூன்று வாரங்களாக இரவு உணவுக்குப் பின் நாள்தோறும் அருந்தி வருகிறேன். பானம் மிகவும் பிடித்துவிட்டது; பெட்டியின் மேல் எழுதியிருப்பதுதான் பிடிக்கவில்லை. முகப்பில் பெரிய எழுத்தில் ‘சிவப்புத் தேயிலை’ என்றும், ஓரத்தில் பொடி எழுத்தில் ‘ரூய்போஸ்’ என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டுமே தவறு.

இது தேயிலையே அன்று. அவரை, துவரை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த, ஊசி போன்ற இலைகளையுடைய குறுஞ்செடி இது. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதியில், செடர்பெர்க் மலைகளிலும் அவற்றைச் சூழ்ந்த நிலத்திலும் இயல்பாக வளர்வது. ஆங்கிலம் இதன் பெயரை, டச்சிலிருந்து தென்னாப்பிரிக்காவில் உருவான ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலிருந்து பெற்றது. ‘ரோய்’ என்றால் சிவப்பு, ‘பொஸ்’ என்றால் புதர். செம்மரம், செம்பருத்தி என்று நாம் சேர்த்துச் சொல்வது போலவே ஆப்பிரிக்கான்ஸ் பேசுபவர்களும் ‘செம்புதர்’ என்று சேர்த்திருக்கிறார்கள். காரகல் என்னும் காட்டுப்பூனையை ‘ரோய்கட்’, அதாவது செம்பூனை, என்பதும் இதே முறைதான். rooibos என்ற எழுத்துக்கூட்டலில் அடுத்தடுத்து வரும் இரண்டு ‘ஓ’ எழுத்துகளை ஆங்கில வழக்கப்படி ‘ஊ’ என்று படித்ததால் பெட்டியில் ‘ரூய்போஸ்’ என்ற பிழை நேர்ந்திருக்க வேண்டும்.

‘பொஸ்’ என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்கலாம். ஆப்பிரிக்கான்ஸின் தாய்மொழியான டச்சில் இன்று பெரும்பாலும் காட்டைக் குறிக்கும் இச்சொல், ஆப்பிரிக்கான்ஸில் காடு, புதர் இரண்டையும் குறிக்கிறது. ஆங்கிலத்தின் ‘புஷ்’ என்பதும் இதே வேரிலிருந்து வந்தது. தென்னாப்பிரிக்காவில் கொம்ப்ரீட்டம் இனத்து மரம் ஒன்றுக்கும் ரோய்பொஸ் என்ற பெயர் வழங்கியிருக்கிறது என்றாலும், உலகச் சந்தையில் நிலைத்தது கோப்பைக்கு வந்த செடியின் பெயரே.

மலையில் பச்சையாக இருக்கும் செடிக்கு எங்கிருந்து வந்தது சிவப்பு? அறுத்த கிளைகளைத் துண்டாக்கி, நசுக்கி, நீர் தெளித்துக் குவித்து வைக்கும்போது காற்றுபட்டு அவை செம்பழுப்பாக மாறுகின்றன. பிறகு வெயிலில் உலர்த்துகிறார்கள். அந்த மாற்றத்தைக் கோப்பையில் தெளிவாகக் காண முடிகிறது. கொதிநீரில் ஏழு நிமிடம் ஊறினால் ஆழ்ந்த செந்நிறமும், தேனையும் உலர்ந்த மரத்தையும் நினைவூட்டும் மணமும் கிடைக்கின்றன. ஒருநாள் மறந்துபோய் இருபது நிமிடம் விட்டுவிட்டேன்; கசப்பு ஏறவில்லை. காஃபீன் இல்லாததால் இரவில் குடித்தாலும் உறக்கம் கெடவில்லை. தென்னாப்பிரிக்காவில் பலர் செய்வது போலப் பால் சேர்த்தும் பார்த்தேன். பால் அந்த மணத்தை அமுக்கிவிடுகிறது என்பது என் கருத்து. பைகளுக்குள் இருப்பது மிகவும் நொய்யான தூள் என்பது ஒரு குறை.

பெயரைப் பற்றி நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. 1994-இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் ‘ரோய்பொஸ்’ என்ற சொல்லையே தன் வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டது. நீண்ட வழக்காடலுக்குப் பின் 2005-இல்தான் அந்த உரிமை கைவிடப்பட்டது. 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதை விளைநிலத்தோடு பிணைந்த பெயராகப் பதிவு செய்து காப்பு அளித்தது. இதற்கிடையே, இச்செடியைப் பற்றிய பழைய அறிவுக்கு உரியவர்களான கோய், சான் என்னும் தென்னாப்பிரிக்கப் பழங்குடி மக்களுடன் ரோய்பொஸ் தொழில்துறை 2019-இல் பயன் பகிர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. உலகறிந்த பெயர் அவர்கள் மொழியில் இல்லை. குடியேறியவர்களின் மொழியான ஆப்பிரிக்கான்ஸ் தந்த பெயரே பரவியது. அந்தப் பெயரையும் நீக்கிவிட்டு ‘சிவப்புத் தேயிலை’ என்று எழுதினால், செடி எது, அது எந்த மலையைச் சேர்ந்தது என்பதை வாங்குபவர் அறிய வழியே இல்லாமல் போகிறது.

சுவைக்காக ஐந்துக்கு நான்கு தருவேன், பெட்டியின் எழுத்துக்கு ஒன்றுதான். அடுத்த முறை செடர்பெர்க் என்ற மலையின் பெயர் குறிப்பிடப்பட்ட, பையில் அடைக்காத ரகமாகப் பார்த்து வாங்க இருக்கிறேன்.