சாக்பீஸ் ஒன்று போதும்: ஒன்றாம் வகுப்பில் எந்த எழுத்து விளையாட்டு எடுபடும்?

2022இல் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து கையேடு, பயிற்சி நூல், பிள்ளைகளின் திறனுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று ஏறுவரிசையில் நிலைகள் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. ஆனாலும் ஒன்று முதல் மூன்று வரை மூன்று வகுப்பும் ஒரே அறையில் இருக்கும் ஈராசிரியர் பள்ளியில், முதல்நாள் இரவே உட்கார்ந்து அட்டை வெட்டி ஒட்ட யாருக்கு நேரம் இருக்கிறது? அதனால் முன்தயாரிப்பு அநேகமாக வேண்டாத விளையாட்டுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை பிள்ளைகளின் வாயும் கையும் வேலை செய்கின்றன என்பதே என் அளவுகோல்.

முதலில், எல்லோரும் ஆடுகிற கடைசி எழுத்து விளையாட்டு. 'மரம்' என்றால் அடுத்தவர் 'மயில்', அதற்கடுத்தவர் 'லட்டு'. அத்தோடு நின்றுவிடும். 'டு'வில் தொடங்கும் சொல்லுக்கு ஆறு வயதுப் பிள்ளை எங்கே போகும்? 'பள்ளி' என்று ஒருவர் சொல்லிவிட்டால் விளையாட்டே முடிந்தது. ண, ன, ள, ழ, ற வரிசைகளில் எழுத்துத் தமிழ்ச் சொல் தொடங்காது, மெய்யெழுத்திலும் தொடங்காது. ஆக, இந்த விளையாட்டு தமிழில் பாதி வழியில் முட்டிக்கொள்ளும். நான்காம் வகுப்புக்கு வேண்டுமானால் சவாலாக இருக்கலாம்.

முதல் எழுத்து விளையாட்டில் இந்தத் தொல்லை கிடையாது. பலகையில் 'ப' என்று எழுதிவிட்டு, அந்த வரிசையில் எது வந்தாலும் சரி என்று விட்டுவிடுங்கள். பல்லி, பாட்டி, பிஸ்கட், பூனை, பென்சில், பொம்மை என்று கொட்டும். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனால், கால், கொம்பு போன்ற குறிகள் எல்லாம் தாமாகவே கண்ணில் படும். 'பெ'வில் காதுக்குப் 'ப்'தான் முதலில் கேட்கிறது, கண்ணுக்கோ கொம்பு முன்னால் நிற்கிறது. பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிற இடம் இதுதான். பென்சிலையும் பொம்மையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் அதைப் பேச ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

கைதட்டிச் சொல்லைப் பிரிப்பது இன்னும் சுலபம், சாக்பீஸ்கூட வேண்டாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். 'அம்மா'வுக்குப் பிள்ளை இரண்டு முறைதான் தட்டும், எழுத்தோ மூன்று. தட்டினது தப்பு என்று திருத்தாதீர்கள், அதன் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. புள்ளி வைத்த எழுத்துக்குத் தனித் தட்டு இல்லை, முந்தின எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்று அங்கேயே சொல்லிவிடலாம். மெய்யெழுத்தை விளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எழுத்தைக் காட்டும் மின்னட்டையா, பெயர் அட்டையா? 247 எழுத்துக்கும் அட்டை செய்வது ஒரு வார வேலை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பிள்ளைகளின் பெயரை எழுதிப் போடுவது அரை மணி நேரம். காலையில் வந்ததும் தன் பெயரைத் தேடியெடுத்து ஜன்னல் ஓரம் வைக்க வேண்டும், அதுவே வருகைப்பதிவு. தன் பெயரின் எழுத்தை எந்தப் பிள்ளையும் மறப்பதில்லை. இப்போது ஹரிஷும் தர்ஷினியும் இல்லாத வகுப்பு ஏது? பாடத்தில் வர நாளாகும் 'ஹ'வையும் 'ஷ'வையும் அவர்கள் முதல் வாரமே அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

எழுதுவதற்கு வந்தால், பலகையைப் பார்த்து நோட்டில் எழுதச் சொல்வது ஆசிரியருக்கு நிம்மதி. அறை அமைதியாக இருக்கும், நோட்டு நிறையும். ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளையும் அதை அழகாக எழுதிக் காட்டிவிடும், அது படமாக வரைந்தது நமக்குத் தெரியாமலே போய்விடும். இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

அதற்குப் பதிலாக, பிள்ளை சொல்வதை நாம் எழுதலாம். "எங்க வீட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு" என்று ஒரு பெண் சொல்கிறாள். சொன்னபடியே பலகையில் எழுதுங்கள். எழுத்து வழக்கைப் பிறகு அடுத்த வரியில் எழுதிக்கொள்ளலாம். முதல் வரி அவளுடையதாகவே இருக்கட்டும். விரல் வைத்து எல்லோரும் வாசித்த பிறகு, 'டு' எங்கெல்லாம் இருக்கிறது என்று கேளுங்கள். வீட்டு, ஆடு, ரெண்டு, போட்டுச்சு என்று நான்கு இடம். அதில் ஆடும் ரெண்டும் மெத்தென்று ஒலிக்கின்றன, வீட்டும் போட்டும் அழுத்தமாக. ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி என்பதை விதி சொல்லி விளக்கினால் புரியாது, அந்த ஆட்டுக்குட்டி வரியில் புரியும். முன்தயாரிப்பு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

இதில் குறை, ஒரு நாளைக்கு ஒரு பிள்ளையின் வாக்கியம்தான் ஏறும். பேசக் கூச்சப்படுகிறவர்கள் பின்னாலேயே இருந்துவிடுவார்கள், அவர்கள் முறையைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அரும்புப் பிள்ளைகளோடு நாம் வாக்கியம் எழுதிக்கொண்டிருக்கும்போது மலர்ப் பிள்ளைகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. முன்பு தொடக்கப் பள்ளிகளில் இருந்த செயல்வழிக் கற்றல் (ABL) முறையின் காலத்தில் பிள்ளை உயரத்துக்குச் சுவரில் அமைத்த கரும்பலகைகள் பல பள்ளிகளில் இன்னும் இருக்கின்றன. அதே வாக்கியத்துக்கு அடுத்த வரியை, குட்டிகளுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதை, அவர்கள் அங்கே எழுதட்டும்.