குழந்தைக்கு எந்தச் சீட்டு: டாரட்டா, டிக்ஸிட்டா, கையால் வரைந்ததா?

டாரட் எனும் படச் சீட்டுக் கட்டைக் குழந்தை கையில் கொடுப்பது என்றதும் பலருக்கு ஜோசியம்தான் நினைவுக்கு வருகிறது. சிலருக்கோ அந்தப் படங்கள் மேல் ஆசை: பிள்ளை அவற்றைப் பார்த்துக் கதை சொல்லும், மனதில் கிடப்பதைப் பேசும் என்ற எதிர்பார்ப்பு. பயம், ஆசை இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. நான் பார்ப்பது ஒன்றைத்தான். படத்தைப் பார்த்துப் பிள்ளை பேசுகிறதா, இல்லை சீட்டே பிள்ளைக்குப் பதிலாகப் பேசிவிடுகிறதா?

டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஒரு சீட்டாட்டமாகத்தான் பிறந்தது. குறி பார்க்கும் பழக்கம் பரவலானது 18ஆம் நூற்றாண்டு பிரான்ஸில். அதே பிரான்ஸில் இன்றைக்கும் 78 சீட்டுகளை வைத்துப் புள்ளிக் கணக்கோடு டாரட் ஆடுகிறார்கள். ஜோசிய பயம் உள்ள பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டாலே பாதிக் கலக்கம் குறையும்.

ஆனால் டாரட் என்றால் எல்லாக் கட்டும் ஒன்றல்ல. சாதாரணச் சீட்டில் ஹார்ட், ஸ்பேடு போல டாரட்டில் கோப்பை, கோல், வாள், காசு என்று நான்கு வகை உண்டு. மார்செய் என்ற பழைய பிரெஞ்சுக் கட்டில் ‘கோப்பை ஐந்து’ என்றால் ஐந்து கோப்பைகளும் கொஞ்சம் பூவேலையும்தான் இருக்கும். அதை வைத்துக் குழந்தை என்ன சொல்லும்? 1909இல் லண்டனில் வெளியான ரைடர் கட்டுக்குப் படம் வரைந்த பமேலா கோல்மன் ஸ்மித், சாதாரண எண் சீட்டுகளிலும் ஆட்களை, இடங்களை, நடப்புகளை வரைந்துவிட்டார். அவருடைய கோப்பை ஐந்தில் கறுப்பு அங்கி போர்த்திய ஒருவர் குனிந்து நிற்கிறார். முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு கவிழாமல் நிற்கின்றன. “இவருக்கு என்ன ஆச்சு?” என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் இரண்டைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். நாம் சுட்டிக்காட்டினால் அது உபதேசமாகிவிடும்.

டாரட் பழகுகிறவர்களை முதலில் 22 பெரிய சீட்டுகளோடு, அதாவது மேஜர் அர்கானாவோடு, தொடங்கச் சொல்வது வழக்கம். குழந்தைகளுக்கு இது தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பேரரசர், மதகுரு, நீதி எல்லாம் பெரியவர்களின் உலகம். மரணம், சாத்தான், இடிந்து விழும் கோபுரம் போன்ற மிரட்டும் படங்களும் அங்கேதான். மீதியுள்ள சின்னச் சீட்டுகளில் இருப்பது பிள்ளைக்குத் தெரிந்த வாழ்க்கை. கோல் ஐந்தில் ஐந்து பையன்கள் கோலோடு மோதுகிறார்கள்; அது சண்டையா விளையாட்டா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. கோப்பை நான்கில் மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு முகம் கொடுக்காமல் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். காசு எட்டில் ஒரு கைவினைஞர் தட்டித் தட்டி வேலை செய்கிறார். கோல் பத்தில் ஒருவர் சுமக்க முடியாமல் சுமக்கிறார். “எனக்குக் கோபம்” என்று சொல்லத் தயங்கும் பிள்ளை, “அவனுக்குக் கோபம், யாரும் அவனைக் கூப்பிடலை” என்று சரளமாகச் சொல்லும். மூன்றாம் மனிதர் மேல் ஏற்றிப் பேசுவதற்கு இடம் தருவதில் இந்தக் கட்டுக்கு ஈடு குறைவு. வாள் மூன்று, ஒன்பது, பத்து ஆகியவற்றை மட்டும் சின்னப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே எடுத்து வைத்துவிடலாம்.

அடுத்து, ஆரக்கிள் சீட்டுகள், அதாவது டாரட் அல்லாத, படத்தோடு ஒரு சொல்லும் அச்சிட்ட சீட்டுகள். மென்மையான வண்ணம், அழகான விலங்கு, கீழே ‘துணிவு’ அல்லது ‘நம்பிக்கை’. பார்க்க மிகவும் பாதுகாப்பானவை. பெற்றோர் முதலில் வாங்குவதும் இவற்றைத்தான். எனக்கு இவைதான் கடைசி. வாசிக்கத் தெரிந்த பிள்ளை சொல்லைப் படித்ததும் படத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. சீட்டே பதிலைச் சொல்லிவிட்ட பிறகு பிள்ளைக்கு வேலை ஏது? வீட்டில் ஏற்கெனவே இருந்தால், சொல்லின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டுக் கொடுங்கள். திடீரென்று நல்ல கட்டாகிவிடும்.

டிக்ஸிட் வேறு ரகம். 2008இல் பிரான்ஸிலிருந்து வந்த பலகை விளையாட்டு இது. 2010இல் ஜெர்மனியின் ‘ஆண்டின் சிறந்த விளையாட்டு’ விருதையும் வாங்கியது. 84 சீட்டுகளில் கனவு போன்ற படங்கள். எதிலும் எண் இல்லை, பெயர் இல்லை, விளக்கக் கையேட்டில் அர்த்தமும் இல்லை. கதைசொல்லியாக இருப்பவர் தன் சீட்டுக்கு ஒரு குறிப்புச் சொல்ல வேண்டும்; அதை வைத்து அது எந்தச் சீட்டு என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். எல்லோரும் கண்டுபிடித்துவிட்டாலும் அவருக்குப் புள்ளி இல்லை, யாருமே கண்டுபிடிக்காவிட்டாலும் இல்லை. என்ன அருமையான விதி! தன் மனதில் இருப்பதைக் கொட்டிவிடாமலும் பூட்டிவைக்காமலும், இன்னொருவருக்கு எட்டும்படி சொல்லப் பிள்ளை பழகுகிறது. கற்பனைக்கு டாரட்டை விட இது ஒரு படி மேல். ஜோசிய வாடையும் கிடையாது. ஆனால் ஆட்டம் ஆட்டம்தான். ஜெயிக்க நினைக்கும் பிள்ளை உள்ளே திரும்பிப் பார்க்காது. மனம் விட்டுப் பேச வேண்டும் என்றால் அன்றைக்குப் புள்ளிப் பலகையை எடுக்காதீர்கள்.

ஸ்டோரி க்யூப்ஸ் பகடைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்பது பகடை, 54 சின்னச் சின்னப் படங்கள், உருட்டினால் கதை. பயணத்துக்கு நன்று. தன்னைப் பற்றிச் சிந்திக்க அந்தக் குறிப்படங்கள் போதாது.

பிள்ளையே வரையும் சீட்டுகளைத்தான் நான் மிகவும் நம்புகிறேன். கெட்டியான தாளைப் பத்துப் பன்னிரண்டு துண்டுகளாக வெட்டிக் கொடுத்து, பயம், பொறாமை, தனிமை, குதூகலம் எப்படி இருக்கும் என்று வரையச் சொல்லலாம். ‘எனக்கு வரைய வராது’ என்றால் பழைய பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டட்டும். அர்த்தம் முழுக்கப் பிள்ளையுடையது, வெளியிலிருந்து யாரும் தந்ததில்லை. குறை என்னவென்றால், தனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் பிள்ளை வரையும். எதிர்பாராத படம் தரும் உலுக்கல் இதில் கிடைக்காது. அதற்குத்தான் ரைடர் கட்டும் டிக்ஸிட்டும்.

எதை எடுத்தாலும் படம் மேலே தெரியும்படி பரப்பி, பிள்ளையையே தேர்ந்தெடுக்கச் சொல்வது முக்கியம். கவிழ்த்து வைத்து உருவச் சொன்னால் எந்தச் சீட்டும் குறி சொல்லும் சீட்டாகிவிடும். ஏழு வயதுக்கு முன் குழந்தைகளுக்கு நினைப்புக்கும் நடப்புக்கும் உள்ள கோடு அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. கையில் வந்த கெட்ட படம் நாளைக்கு நடக்கும் என்று நிஜமாகவே பயந்துவிடும். “பரீட்சை எப்படி இருக்கும்?” என்ற கேள்வியும் வேண்டாம். “பரீட்சையை நினைச்சா இதுல எந்தப் படம் மாதிரி இருக்கு?” என்று கேட்கலாம். அப்புறம், பதிலைக் கேட்டு உளவியல் பரிசோதனை நடத்தக் கூடாது. பிள்ளை யாரோ தன்னைத் துன்புறுத்துவதாகச் சொன்னால் சீட்டை மூடி வைத்துவிட்டு நேராகப் பேச வேண்டும், தேவைப்பட்டால் ஆலோசகரிடம் போக வேண்டும்.

ஐந்தாறு வயதில் கையால் செய்த சீட்டு போதும். எட்டு வயதிலிருந்து குடும்பமாக ஆட டிக்ஸிட். பிள்ளை தனியாக உட்கார்ந்து யோசிக்கிற குணமுள்ளதாக இருந்தால் ரைடர் கட்டின் சின்னச் சீட்டுகள். பதின்பருவத்தில் 78 சீட்டையும், மரணச் சீட்டு உட்பட, முழுசாகக் கொடுத்துவிடலாம். அந்த வயதில் கட்டு அவர்களுடையது. அன்றைக்கு எந்தச் சீட்டை எடுத்தார்கள், நோட்டில் என்ன எழுதினார்கள் என்று அவர்களாகச் சொல்லாதவரை கேட்காதீர்கள்.