ஹட்டனில் கரண்ட் பிசியோ, போகலாமா?

போகலாம், ஆனால் தசைக்குக் கரண்ட் கொடுக்கும் மெஷினை மட்டும் நம்பிப் போக வேண்டாம். மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட எங்கள் மாமாவை (காயம் முழுமையானது இல்லை, அதாவது அசைவு முழுக்கப் போய்விடவில்லை, விரல்கள் கொஞ்சம் அசையும்) ஹட்டன் டவுனில் ஒரு தனியார் நிலையத்துக்குத்தான் கூட்டிப்போகிறோம். தொடையில் பசைத் தகடு ஒட்டிக் கரண்ட் கொடுத்தால் தசை தானாக இறுகி முழங்கால் நீளுகிறது. தண்டுவடத்திலிருந்து தசைக்குப் போகும் நரம்பு நன்றாக இருந்தால்தான் இது சரிவரும், அதை முதலிலேயே சோதித்துப் பார்த்தார்கள், நல்ல விஷயம்.

காசுக்குப் பெறுமதி பேலன்ஸ் பயிற்சிதான். கட்டில் விளிம்பில் கை ஊன்றாமல் உட்கார வைத்து, எட்டியும் எட்டாமலும் பந்தை நீட்டி, "அண்ணே, தோளை இல்ல, இடுப்பைத் திருப்புங்க" என்று அங்கே பிசியோ செய்யும் தம்பி விடவே மாட்டார். அப்புறம் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி, கரண்டோடு சேர்த்தே எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றச் சொல்வார். இப்போது மாமா சட்டை போடும்போது ஒரு பக்கம் சாய்வதில்லை.

குறை? மாடிப்படி. சக்கர நாற்காலியோடு கொழுந்து மூடை மாதிரி தூக்கிப்போக வேண்டியிருக்கிறது, பிசியோ நிலையத்துக்கே சரிவுப்பாதை இல்லையென்றால் என்ன சொல்ல! பசை போன தகட்டையும் மறுபடி ஒட்டப் பார்க்கிறார்கள், விடாதீர்கள், உணர்ச்சியில்லாத தோல் சுட்டாலும் ஆளுக்குத் தெரியாது. காயம் நெஞ்சுப் பகுதியின் 6ஆவது முதுகெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ என்றால் திடீர்த் தலைவலி, வியர்வை வந்தவுடன் நிறுத்தச் சொல்லுங்கள், பிரஷர் ஏறியிருக்கலாம்.

மழை நாளில் மின்சாரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே ஓட்டோ பிடியுங்கள்.