இரண்டு ரோமர் படங்கள்: எதை முதலில் பார்க்கலாம்?

பிரெஞ்சு இயக்குநர் எரிக் ரோமரின் படங்களில் எல்லோரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். நடக்கும்போதும் பேச்சு, சாப்பிடும்போதும் பேச்சு, கடலில் குளித்துக் கரையேறினாலும் பேச்சு. பின்னணி இசைகூட அனேகமாக இருக்காது. இது ஒத்துவராதவர்களை வற்புறுத்திப் பயனில்லை. ‘பார்க்க ஆசைதான், எங்கே தொடங்குவது?’ என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இரண்டு படங்கள். ஒன்று 1987இல் வந்த ‘லாமி த மொன் அமி’ (என் தோழியின் நண்பன்). மற்றது 1996இல் வந்த ‘கோந்த் தேத்தே’ (கோடைக் கதை). முடிவைத் தொடாமல் இவற்றை ஒப்பிட முடியாது. அதனால் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

முதல் படம் பாரிசுக்கு வடமேற்கே உள்ள செர்ஜி-போந்துவாஸ் என்ற புதுநகரத்தில் நடக்கிறது. பழைய பிரான்சின் சாயலே இல்லை. கட்டடக் கலைஞர் ரிக்கார்தோ போஃபில் வடிவமைத்த வெள்ளைக் குடியிருப்பு, செயற்கை ஏரிகள், கச்சிதமான சதுக்கங்கள். அங்கே நகராட்சியில் வேலை பார்க்கிற பிளான்ஷுக்கு லேயா தோழியாகிறாள். பிளான்ஷுக்கு அலெக்சாந்தர் மேல் கண். லேயாவின் காதலன் ஃபபியான்.

அலெக்சாந்தர் எதிரே வந்தால் பிளான்ஷுக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. என்ன சொன்னாலும் அசட்டுத்தனமாக வந்து விழுகிறது. ஃபபியானோடு இருக்கும்போது பேச்சு தானாக வருகிறது, சிரிப்பும் வருகிறது. தான் யாரைக் காதலிக்கிறோம் என்று அவளுக்குப் புரிவதற்கு ரொம்ப முன்பே நமக்குப் புரிந்துவிடுகிறது, அவள் பேசுகிற விதத்தை வைத்தே. தடையாக இருப்பது ஒன்றுதான்: தோழியின் ஆளைத் தொடக்கூடாது என்று அவளே போட்டுக்கொண்ட விதி. அவளுடைய அழுகையெல்லாம் அந்த விதிக்காகத்தான். கடைசியில் ஓர் உணவகத்தில், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதே குழம்பிப்போய், இரு தோழிகளும் ஒருவரை ஒருவர் தப்பாகப் புரிந்துகொள்ளும் காட்சி சிரிப்பும் பதற்றமுமாக அபாரமாக இருக்கும். அப்புறம் கல்யாணப் பந்தியில் இடம் மாறி உட்கார்ந்தவர்கள் அவரவர் இலைக்கு வந்து சேர்ந்த மாதிரி எல்லாம் சரியாகிவிடுகிறது. நால்வரின் உடைகளிலும் நீலமும் பச்சையும்! கொஞ்சம் அதிகப்படியான ஒழுங்குதான் என்று எனக்குத் தோன்றும்.

‘கோடைக் கதை’யில் அந்த ஒழுங்கு இல்லை. பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் உள்ள தினார் கடற்கரைக்கு விடுமுறையில் வருகிறான் கஸ்பார் (மெல்வில் பூப்போ). கணிதம் படித்தவன், கிதார் வாசிப்பவன். முதல் சில நிமிடங்களுக்குப் பேச்சே கிடையாது. இவ்வளவு பேசுகிற ஒரு படத்துக்கு இது குறும்பான தொடக்கம். லெனா என்ற பெண் வருவாள் என்று காத்திருக்கிறான். அவளுக்காக ஒரு கடல் பாட்டும் எழுதிக்கொண்டிருக்கிறான். அதற்குள் சோலேன் வருகிறாள், பாட்டு அவளுக்குப் போய்விடுகிறது. உஷாந்துத் தீவுக்குக் கூட்டிப்போவதாக மூன்று பெண்களுக்கும் வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்கிறான்.

மூன்றாவது பெண் மார்கோ (அமாந்தா லாங்லே). இனவரைவியல் படித்தவள், கோடையில் அத்தையின் கிரெப் (தோசை போன்ற மெல்லிய பிரெஞ்சுப் பண்டம்) கடையில் பரிமாறுகிறாள். காதலன் வெளிநாட்டில் இருப்பதால், ‘நாம் நண்பர்கள்’ என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறாள். இருவரும் கடலோரப் பாதைகளில் நடக்கும் நீண்ட காட்சிகள்தான் படத்தின் உயிர். லெனாவிடம் கஸ்பார் கெஞ்சுகிறான், சோலேனிடம் வீறாப்புக் காட்டுகிறான். மார்கோவிடம் மட்டும்தான் நடிக்காமல் பேசுகிறான். அதாவது பிளான்ஷுக்கு ஃபபியானிடம் கிடைத்தது இவனுக்கு மார்கோவிடம் கிடைக்கிறது. ஆனால் இவன் அதைக் கவனிப்பதில்லை; கவனித்தாலும் எதுவும் செய்வதில்லை. மற்ற இருவரும் கைகூடாதபோது நாடப்படும் ஆளாகத் தன்னை வைத்திருக்கிறான் என்று அவள் எரிச்சல்படும் இடத்தில் படம் முழுக்க அவள் பக்கம் சாய்ந்துவிடுகிறது. எனக்கு அங்கேதான் ரோமர் மீது மதிப்புக் கூடியது. இதை எடுக்கும்போது அவருக்கு வயது 75.

முடிவும் நேர்மாறு. லா ரோஷேல் நகரத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கருவி கிடைக்கும் என்று தொலைபேசி வருகிறது. அதைச் சாக்காக வைத்து எல்லோரிடமிருந்தும் நழுவுகிறான். எதையும் தேர்ந்தெடுக்காமல் தப்பிப்பவனை இவ்வளவு சிரிக்கச் சிரிக்க, அதே சமயம் இவ்வளவு கறாராகக் காட்டியிருப்பது எளிதல்ல.

இந்த வகையில் இன்னும் கனமானது வேண்டுமானால் ழான் யூஸ்தாஷின் ‘தாயும் வேசியும்’ (1973) இருக்கிறது. கறுப்பு-வெள்ளை, மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். ஆனால் அங்கே பேச்சு காயப்படுத்துகிறது. அதை முதல் படமாக யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சரி, எது முதலில்? வேலை முடிந்து வந்து, குடும்பத்தில் யாரோடாவது உட்கார்ந்து பார்ப்பதென்றால் ‘தோழியின் நண்பன்’. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், யாரும் வருத்தப்பட்டு எழுந்திருக்க மாட்டார்கள். ரோமரின் ஒரே ஒரு படத்தைத்தான் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு ‘கோடைக் கதை’. வயது இருபதுகளில் என்றால் கஸ்பார் மேல் கோபம் வரும், அதனால் என்ன, பாருங்கள்.