மழைக்கு முன் கொடுத்த சாவி

லண்டனிலிருந்து மூன்று வார விடுப்பில் 2024 ஜனவரி 6 அன்று சென்னை வந்து, நங்கநல்லூரில் சித்தி வீட்டில் பெட்டியை இறக்கி வைத்தபோது, பொங்கலைத் தவிர வேறு திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. அம்மா கைப்பையிலிருந்து எடுத்து நீட்டிய ஒரு துண்டுச்சீட்டுதான் அந்த விடுப்பின் பாதியை எடுத்துக்கொண்டது.

அம்மா 2016 முதல் மடிப்பாக்கத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள இரண்டு படுக்கையறை வீட்டில் வாடகைக்கு இருந்தார். திருச்சியில் தம்பி வீட்டோடு போய்விடுவது என்று முடிவானதும், மார்கழி பிறக்குமுன் கிளம்பிவிட வேண்டும் என்று 2023 நவம்பர் 29 அன்றே காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டார். குடியேறியபோது மாத வாடகை 16,000 ரூபாய். சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸாக 1,60,000 ரூபாய் கொடுத்திருந்தோம். திரும்பி வந்தது 87,000. மீதி 73,000 ரூபாய்க்கான கணக்குதான் அந்தச் சீட்டு: புட்டி வைத்து பெயிண்ட் அடித்தது 46,000, ஹால் சுவரில் ஓதம் சரிசெய்தது 14,000, குழாய்களும் வாஷ்பேசினும் 5,500, சுவிட்சுகள் 3,200, வீடு கழுவியது 4,300. பெயிண்டரின் பெயரோ கடை ரசீதோ இல்லை. கீழே டிசம்பர் 20 என்று தேதி மட்டும் இருந்தது.

அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது மிக்ஜாம் புயல்தான். டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையின் தென்பகுதியே தண்ணீரில் நின்றது; மொட்டை மாடியில் தேங்கிய நீர் கூரை வழியாக இறங்கியிருந்தால், அது அம்மா சாவியைக் கொடுத்த பிறகு நடந்தது. சாவி கிடைத்தது என்று உரிமையாளர் அனுப்பிய வாட்ஸப் செய்தி நவம்பர் 29 தேதியோடு அம்மாவின் கைப்பேசியில் இருந்தது. இன்னொரு சாட்சி எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. அம்மா ஆண்டுதோறும் எனக்கு அனுப்பும் நவராத்திரிப் படங்களில், 2018ஆம் ஆண்டுக் கொலுவின் மேல்படிக்குப் பின்னால், கூரையோரத்தில் அதே ஓதக் கறை மங்கலாகத் தெரிந்தது. தசாவதாரச் செட்டைப் படம்பிடித்தவர் கறையையும் சேர்த்தே பிடித்திருக்கிறார்.

லண்டனில் வாடகை வீடு மாறியபோது இதே போன்ற தகராறு எனக்கும் வந்தது. இங்கிலாந்தில் 2007 முதல் இத்தகைய குடியிருப்பு வாடகைகளுக்கு வீட்டுக்காரர் வைப்புத்தொகையை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்க்க வேண்டும். பிடித்தம் செய்ய நினைத்தால் காரணத்தை அவர்தான் நிரூபிக்க வேண்டும். தீர்ப்புச் சொல்பவருக்கு நாம் கட்டணம் தர வேண்டியதில்லை. சென்னையில் பணம் வீட்டுக்காரரிடமே இருக்கிறது, கேட்டு வாங்கும் வேலை நம்முடையது.

அதற்காகச் சட்டமே இல்லை என்று நினைத்தால் அது தவறு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், வீடு காலியான ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரச் சொல்கிறது; வழக்கமான தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பில்லை. எந்தப் பழுது யாருடையது என்று அதன் இரண்டாம் அட்டவணை பிரித்திருக்கிறது: வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடிப்பதும் உரிமையாளருடையவை, குழாய், வாஷ்பேசின், சுவிட்ச் வாடகைதாரருடையவை. ஆனால் எழுத்து வடிவில் வேறு ஒப்பந்தம் இருந்தால் அதுவே செல்லும் என்ற வாசகமும் அதில் உண்டு. எங்களுடைய பழைய முத்திரைத்தாளில், காலி செய்யும்போது பெயிண்டுக்காக ஒரு மாத வாடகை பிடிக்கப்படும் என்ற வரி இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டது வேறு யாருமல்ல, சாட்சியாக நானும்தான்.

சைதாப்பேட்டையில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டவர், நோட்டீஸுக்கு 3,500 ரூபாய் ஆகும் என்றும், பதினொரு மாதத்துக்கு எழுதி அதன்பின் வாய்ப்பேச்சில் நீட்டிய, பதிவு செய்யாத ஒப்பந்தத்தோடு, இந்தச் சட்டப்படி தகராறுகளை விசாரிக்கும் வாடகை அதிகாரியிடம் போனால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்ளும் என்றும் சொல்லிவிட்டு, முதலில் நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள் என்றார். வருமானத்தை விட்டுக்கொடுத்து ஆலோசனை சொன்ன அவரை இந்தப் பயணத்தில் கிடைத்த சிறந்த சேவை என்பேன். பக்கத்திலிருந்த ஜாப் டைப்பிங் கடையில் ஒன்றரைப் பக்கத்தில் கடிதம் தயாரானது. குழாயும் சுவிட்சும் சேர்ந்த 8,700 ரூபாயை ஏற்கிறோம். பெயிண்டுக்கு ஒப்பந்தப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் தர இயலாது, நாங்கள் வரும்போது டிஸ்டெம்பர் அடித்திருந்த சுவருக்கு இப்போது விலை கூடிய எமல்ஷன் அடித்த செலவு எங்களுடையதல்ல. ஓதம் 2018லேயே கூரையோரத்தில் இருந்த பழைய பழுது, புயலில் அது கூடியிருந்தால் நாங்கள் சாவியைக் கொடுத்த பிறகு. அம்மா கையெழுத்திட, 9ஆம் தேதி ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். தபால் நிலையத்தில் வரிசை நீளம். ஆனாலும் அட்டை பொங்கல் விடுமுறைகளைத் தாண்டி 18ஆம் தேதி கையெழுத்தோடு திரும்பி வந்தது.

"ஏழு வருஷம் பழகினவங்கப்பா, வாசல்ல நின்னு சத்தம் போடாதே" என்று அம்மா எச்சரித்த பிறகே 20ஆம் தேதி மடிப்பாக்கம் போனோம். சத்தம் போட வேண்டியிருக்கவில்லை. காபி கொடுத்தார்கள். ஓதத்தைப் பற்றிய பேச்சு கொலுப் படத்தைக் காட்டியதும் முடிந்துவிட்டது. பெயிண்டில்தான் இழுபறி. ஒரு மாத வாடகை என்றால் 2016இன் 16,000 என்று நான் சொல்ல, கடைசியாகக் கொடுத்த 22,000 என்று உரிமையாளர் சொன்னார். "தம்பி, நீங்க ஊருக்குப் போயிடுவீங்க, அம்மாவும் நானும் இங்கதானே இருக்கோம்" என்றார். அம்மா திருச்சிக்குப் போய்விட்டதை நான் நினைவுபடுத்தவில்லை. 22,000க்கு ஒப்புக்கொண்டோம். வீடு கழுவிய 4,300 ரூபாயை, வேலைக்கார அம்மாவை வைத்துப் பெருக்கித் துடைத்துவிட்டுத்தான் வந்தோம் என்றாலும், அம்மா கண்ணைக் காட்டியதால் விட்டுவிட்டேன். ஆக 38,000 ரூபாய் திரும்பி வர வேண்டும் என்று முடிவானது.

காசோலை 24ஆம் தேதி புதன்கிழமைதான் கைக்கு வந்தது. அன்று பிற்பகல் வங்கியில் போட்டபோது, மறுநாள் தைப்பூசம், அதற்கடுத்த நாள் குடியரசு தினம், பிறகு நான்காம் சனி, ஞாயிறு என்று கவுண்டரில் இருந்த பெண் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். நான் 27ஆம் தேதி விமானம் ஏறினேன். பணம் வரவான குறுஞ்செய்தியை அம்மா 29ஆம் தேதி எனக்கு அனுப்பினார். அதோடு, உரிமையாளரின் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, ஒரு வாழ்த்துச் சொல்லிவிடு என்றும் எழுதியிருந்தார்.