டிசியா, டிசிசியா? நாலுக்கு எட்டுப் பலகைக்கு எது சரி

எட்டடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு ப்ளைவுட் பலகை. 22 அங்குல ஆர வளைவுகளோடு ஒரு ஓவல், உள்ளே ஒரு சைடிங் (பக்கத் தடம்), எச்ஓ அளவில் (1:87) இரண்டு மூன்று எஞ்சின். மாடல் ரயிலில் இறங்கும் பலரும் தொடங்குவது இங்கேதான். பழைய டிசி (நேர் மின்னோட்ட) கன்ட்ரோலரே போதுமா, டிசிசிக்கு (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) போகலாமா என்ற கேள்வியும் இங்கேதான் வரும்.

டிசியில் தண்டவாளத்துக்கு வரும் மின்னழுத்தம்தான் வேகம்: 0 முதல் 12 வோல்ட். பிளஸ் மைனஸ் மாறினால் எஞ்சின் பின்னால் போகும். அதனால் தடத்தில் நிற்கும் எல்லா எஞ்சினும் சேர்ந்தே நகரும். டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் 15 வோல்ட் அளவில் இருந்துகொண்டே இருக்கும். கட்டளைகளும் அதிலேயே போகும். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சிறு மின்னணுப் பலகை தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்து மோட்டாரை ஓட்டும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ 1990களில் பொதுத் தரம் வகுத்தது. அதனால் ஒரு கம்பெனி டிகோடர் இன்னொரு கம்பெனி கன்ட்ரோலரிலும் ஓடும்.

ஒரே ஒரு ரயில் சுற்றினால் போதும் என்றால் டிசியே போதும். இரண்டு வயர், வேலை முடிந்தது. இரண்டாவது ரயில் வந்ததும்தான் தலைவலி. தடத்தை பிளாக்குகளாக வெட்டி, இன்சுலேட்டட் ஜாயினர் (கரன்ட் கடத்தாத இணைப்பு) போட்டு, இரண்டு கன்ட்ரோலரில் எது என்று தேர்வு செய்ய பிளாக்குக்கு ஒரு சென்டர்-ஆஃப் டாகிள் சுவிட்ச் (நடுவில் வைத்தால் கரன்ட் இல்லை) வைக்க வேண்டும். ரயில் அடுத்த பிளாக்குக்குள் நுழையும்போது அங்கே மற்ற கன்ட்ரோலர் எதிர்த்திசையில் இருந்தால் ஷார்ட்தான். ரயிலை ஓட்டும் நேரத்தைவிட சுவிட்சைத் தட்டும் நேரம் அதிகமாகிவிடும். ஆனால் இதில் ஒரு நன்மையும் உண்டு: கரன்ட் இல்லாத பிளாக்கில் எஞ்சின் தானாக நின்றுவிடும். டிசிசியில் இரண்டு ரயிலை நேருக்கு நேர் மோதவிட எந்தத் தடையும் இல்லை.

டிசிசியில் வயர் குறைவு என்று கடையில் சொல்வது பாதிதான் உண்மை. எண்ணிக்கை குறையும், தரத்தில் சமரசம் செய்ய முடியாது. பலகைக்கு அடியில் 2.5 ஸ்கொயர் எம்எம் வயரில் பஸ் லைன் (முதன்மை வயர்) இழுத்து, மூன்றடிக்கு ஒரு ஃபீடரை (அதிலிருந்து பிரியும் சிறு வயர்) தண்டவாளத்தில் சால்டர் செய்யுங்கள். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் உலோக ஜாயினர் கரன்ட்டைக் கடத்தும் என்று நம்பக் கூடாது. நாளாக நாளாகத் தளர்ந்து கறுத்துவிடும். பிறகு ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளத்தையும் தொடும்படி வையுங்கள். தடத்துக்குக் கரன்ட் தரும் பூஸ்டர் உடனே ட்ரிப் ஆக (தானாக அணைய) வேண்டும். ஆகாவிட்டால் அந்த இடத்துக்கு ஃபீடர் போதவில்லை. 5 ஆம்ப் பூஸ்டர் என்றால் 75 வாட் வரை அங்கே சூடாகும். தடம்புரண்ட வண்டியின் பிளாஸ்டிக் போகி (சக்கரச் சட்டம்) உருகிவிடும்.

பழைய எஞ்சினில் டிகோடர் பொருத்துவதில்தான் பணம் புகையாகப் போகும். காரணம் பெரும்பாலும் ஒன்றே: மோட்டாரின் பிரஷ் முனை உலோகச் சேஸியைத் தொட்டுக்கொண்டிருக்கும். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, ஒவ்வொரு பிரஷ்ஷுக்கும் ஒவ்வொரு பக்கச் சக்கரத்துக்கும் இடையே சோதியுங்கள், சத்தமே வரக்கூடாது. வந்தால் முதலில் மோட்டாரைத் தனிமைப்படுத்துங்கள். சிவப்பு, கறுப்பு வயர் வலது, இடது தண்டவாளத்துக்கு. ஆரஞ்சு, சாம்பல் மோட்டாருக்கு. முதல் சோதனை புரோகிராமிங் தடத்தில் (டிகோடர் அமைப்புகளைப் படிக்கவும் எழுதவும் உள்ள தனித் தடம்) மட்டும்: அங்கே கரன்ட் குறைவு, தவறு இருந்தாலும் டிகோடர் தப்பும் வாய்ப்பு அதிகம். புது டிகோடரில் சிவி 1ஐ (எஞ்சின் எண் இருக்கும் அமைப்பு) படித்தால் 3 என்று வர வேண்டும்.

டிகோடர் இல்லாத எஞ்சினை டிசிசி தடத்தில் நிறுத்தி வைக்காதீர்கள். ரீங்காரத்தோடு சூடாகும், கோர்லெஸ் மோட்டார் (இரும்பு உள்ளகம் இல்லாதது) என்றால் எரிந்தே போகும். டிசி கன்ட்ரோலரையும் பூஸ்டரையும் ஒரே தடத்தில் சேர்ப்பது அதைவிட மோசம்.

செலவுதான் தயக்கம் என்றால், ஆர்டுயினோ மெகா என்ற சிறு கணினிப் பலகையும் அதன்மேல் செருகும் மோட்டார் ஷீல்டும் வைத்து நாமே அமைக்கும் டிசிசி-இஎக்ஸ் கன்ட்ரோலர் இருக்கிறது. அதன் மென்பொருள் இலவசம். ஒரு வைஃபை போர்டும் சேர்த்தால் ஆண்ட்ராய்டு போனே த்ராட்டில் (வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) ஆகிவிடும்.

இப்போதைக்கு டிசிதான் என்றாலும், 8 பின் சாக்கெட் உள்ள எஞ்சினாகப் பார்த்து வாங்குங்கள். பிறகு டிகோடர் இல்லாதபோது சாக்கெட்டில் இருக்கும் டம்மி பிளக்கைக் கழற்றி டிகோடரைச் செருகினால் போதும்; ஆரஞ்சு வயர் 1ஆம் பின்னுக்கு வர வேண்டும். தலைகீழாகச் செருகினால் எஞ்சின் எதிர்ப்பக்கம் ஓடும், விளக்கு எரியாது. பொதுவாக டிகோடருக்கு ஒன்றும் ஆகாது. கழற்றித் திருப்பிச் செருகுங்கள்.